டீச்சரம்மா பதில்கள்: கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கொல்லிமலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, இப்போது மலையடிவாரத்தில் குடியிருக்கும் ஆசிரியை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். விடுமுறை நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்கள் அனைத்தும் மலையைப் பற்றியே இருந்தன.

கேள்வி: வெள்ளி இரவு குடும்பத்துடன் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்ப வேண்டும். கொல்லிமலையில் பார்க்க வேண்டியவை என்று நண்பர் பதினான்கு இடங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் முடிக்கலாம்? (சென்னை வாசகர்)

பதில்: முடிக்கலாம், காரை விட்டு இறங்காமல் இருந்தால். பதினான்கு இடத்திலும் கண்ணாடியை இறக்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏற்றிவிடலாம். உங்கள் நண்பரும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. ஆகாய கங்கை அருவியையும் மாசிலா அருவியையும் படகுத்துறையையும் ஒரே காலையில் போட்டிருக்கிறாரே! ஆகாய கங்கையில் இறங்கி ஏறியவர் அதற்குப் பிறகு சோற்றையும் பாயையும் தவிர வேறு எதையும் தேடமாட்டார்.

ஏற்காடு, ஊட்டி என்று பழகியவர்கள் இங்கேயும் ஏரியைச் சுற்றி ஓர் ஊர் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். மேலே ஏறி முடித்ததும் தெரிவது வேறு. மேடும் பள்ளமுமாக ஒரு சீமையே விரிந்து கிடக்கும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று பல நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பள்ளத்தில் ஒன்றும் மேட்டில் ஒன்றுமாகச் சிற்றூர்கள். செம்மேடுதான் தலையூர். தாலுகா அலுவலகம், பஸ், கடைகண்ணி, இந்த மலையை அந்தக் காலத்தில் ஆண்ட வல்வில் ஓரிக்குக் குதிரைமேல் சிலை எல்லாம் அங்கே. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற ஊருக்கும் ஓடைவரை இறங்கி மறுபடி ஏறித்தான் போக வேண்டும். கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

நான் சொல்லும் வரிசை இது. சனிக்கிழமை விடிந்த பிறகு மலையேறுங்கள், இரவில் வேண்டாம். நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழி. செம்மேட்டிலோ அதைச் சுற்றிய ஊர்களிலோ பையை வைத்துவிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். அருவிக்கு இறங்குகிறவர்கள் இறங்கட்டும். மாலையில் எங்கும் போகாதீர்கள். ஞாயிறு காலை, தங்கிய ஊரில் வயல் வரப்பு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நடங்கள். பள்ளத்தில் படிப்படியாக நெல், மேட்டில் மரவள்ளி, வீட்டைச் சுற்றிப் பலா, பலாவில் ஏறிய மிளகுக் கொடி, கொடிக்குக் கீழே காப்பிச் செடி. ஓடைப் பக்கம் சீகாரப் பூங்குருவி இருந்தால் அதன் சீழ்க்கை முதலில் கேட்கும். கருநீலப் பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். பிறகு சோளக்காட்டில் பழக்கடை, சீக்குப்பாறையில் நின்று கீழே சமவெளியைப் பார்ப்பது, மதியத்துக்கு முன் இறக்கம். பட்டியலில் மிச்சமிருப்பது மிச்சமிருக்கட்டும்; மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்கிறார்கள். என் மகளுக்கு எட்டு வயது, பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. அம்மாவுக்கும் தலைசுற்றல் உண்டு. வரலாமா டீச்சரம்மா? (காரைக்குடி வாசகி)

பதில்: தாராளமாக வாருங்கள். காரவள்ளியில் காலையில் பூரியும் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், அவ்வளவுதான். வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

காதுக்குள்ளே சமநிலையைக் கவனிக்கிற உறுப்பு, உடம்பு திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. போனில் பதிந்த கண், எதுவும் நகரவில்லை என்கிறது. இரண்டும் போடுகிற சண்டையில் வயிறு அடிபடுகிறது. அதனால் மகளிடமிருந்து போனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அடுத்த எண்ணை யார் முதலில் பார்ப்பது என்று போட்டி வையுங்கள். தூரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குக் குமட்டல் குறையும். அம்மாவுக்கு முன் இருக்கை. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். மருந்தாக இல்லாவிட்டாலும் மோந்துகொண்டே வர ஆறுதலாக இருக்கும். வாந்தி மாத்திரை தருவதென்றால் வயதுக்கு எந்த அளவு என்று மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

சொந்தக் காரில் வருகிறவரைவிட அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு லாபம் உண்டு. மலை ஓட்டும் டிரைவர்களின் கையைப் பார்க்கலாம். வளைவு வருவதற்கு முன்பே நீளமாக ஹார்ன். பிறகு பஸ்ஸை வெளி விளிம்போடு ஒட்டிக் கொண்டுபோய், முகப்பு பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறதோ என்று நமக்குத் தோன்றுகிற நொடியில் ஸ்டீயரிங்கைக் கை மாற்றி மாற்றிச் சுழற்றுவார். இருக்கைக்கு அடியில் வைத்த எண்ணெய் டின்னும் அரிசி மூட்டையும் ஒரு பக்கமாக நகர்ந்து, அடுத்த வளைவில் பழைய இடத்துக்கே வந்து சேரும். வெளியூர்க்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுவார்கள். மலைக்காரப் பாட்டி ஒருத்தி அந்தக் கம்பியிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவாள்.

காரில் வந்தால் ஒன்று கவனம்: எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலிகளின் பிரேக் நாற்பதாவது வளைவுக்குள் சூடேறி வாடை வந்துவிடும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழி விட வேண்டும், அது சட்டம். எழுபது என்ற எண்ணே பயமுறுத்துகிறது என்றால் இராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருக்கிறது. கொண்டை ஊசிகள் அதில் குறைவு.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆகாய கங்கையைப் பார்த்தே தீருவேன் என்கிறார். அழைத்துப்போகலாமா? எந்த மாதம் தண்ணீர் நன்றாக விழும்? (திருப்பூர் வாசகர்)

பதில்: அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. செங்குத்தான படிகள். எல்லா ஊரிலும் மலையேறிப் பார்த்துவிட்டு அலுப்பு தீர இறங்குவோம். இங்கே தலைகீழ். உற்சாகமாக இருக்கும்போது இறங்கி, நனைந்து பசித்துக் களைத்த பிறகு ஏற வேண்டும். இறங்கும்போது முழங்கால் பேசும். ஏறும்போது நெஞ்சு பேசும். அப்பாவின் மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் அழைத்துப்போகாதீர்கள். ஒப்புக்கொண்டாலும் காலை வெயில் ஏறுவதற்கு முன் இறங்கி, திரும்பும்போது படிக்குப் படி உட்கார்ந்து ஏறட்டும். தண்ணீர் பாட்டிலைத் தூக்க ஓர் இளவட்டம் கூடப் போகட்டும்.

அவர் இறங்கவில்லை என்றால் அதை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். ஐயாறு என்கிற ஆறு கோயிலை ஒட்டியே ஓடுகிறது. அதில் உள்ள மீன்களைப் பிடிக்கமாட்டார்கள். இறைவன் மீனாக இருக்கிறார் என்பது நம்பிக்கை. அறுத்துக் குழம்பு வைத்த மீன் துள்ளி ஆற்றுக்குள் ஓடியதாக ஒரு கதையும் சொல்வார்கள். அப்பா கரையில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடட்டும். நனைய வேண்டும் என்று ஆசைப்பட்டால் மாசிலா அருவிக்கு அழைத்துப்போங்கள். அங்கே இவ்வளவு படி கிடையாது.

இனி தண்ணீர். வடகிழக்குப் பருவமழைதான் இந்த மலைக்குப் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, அது ஓய்ந்த மார்கழி, தை வரை அருவி நிறைந்து விழும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் பாறையில் பட்டுத் தூளாகிறது. அருவி கண்ணில் படுவதற்கு முன்பே கடைசிப் படிகளில் சாரல் முகத்தில் அடிக்கும். மழை மும்முரமாக இருக்கும் நாட்களில் வெள்ளம் வந்தால் வழியை அடைத்துவிடுவார்கள். அடைத்திருந்தால் சண்டை போடாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை கீழே நிற்கிற உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வரும்போதுதான் தெரியும். சித்திரை, வைகாசியில் வந்து, ‘ஆகாய கங்கை என்றார்கள், குழாய்த் தண்ணீர் மாதிரி விழுகிறதே’ என்று எனக்கு எழுதுகிறவர்கள் வருடா வருடம் உண்டு. ஆடிப் பதினெட்டு பக்கம் வந்தால் தண்ணீரைவிட ஜனம் அதிகம். அரசின் வல்வில் ஓரி விழாவும் அப்போதுதான்.

கேள்வி: நானும் நண்பர்கள் ஆறு பேரும் புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியாகவே ஆகாய கங்கைக்கு ஏறத் திட்டமிட்டிருக்கிறோம். வனத்துறை அனுமதி இல்லாமலே கூட்டிப்போக உள்ளூர்ப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஏதாவது ஆலோசனை? (மதுரை கல்லூரி மாணவர்)

பதில்: ஆலோசனை ஒன்றுதான் தம்பி, போகாதே. புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்துப் பக்கம், மலையின் கிழக்கு அடிவாரம். ஆகாய கங்கையில் விழுந்த ஐயாறு அங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. இடையில் இருப்பது காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைந்தால் குற்றம். அகப்பட்டால் நீ அபராதம் கட்டிவிட்டு மதுரைக்குப் போய்விடுவாய். அந்தப் பையன் அதே காட்டோரத்தில் குடியிருக்க வேண்டியவன். அவன் வாங்குகிற கூலிக்கு அது கட்டுமா என்று அவனிடமே கேட்டுப்பார்.

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்று உன் அண்ணனிடம் கேள். மலையேற்றத்துக்குப் போன கூட்டம் காய்ந்த புல்வெளியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். தனக்கு மேலே இருக்கிற புல்லைச் சூட்டிலேயே உலர்த்திக்கொண்டு ஓடும். மேலே ஏறித் தப்பிக்க நினைக்கிற மனிதனைவிட அதற்கு வேகம் அதிகம். அந்த விபத்துக்குப் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. மாசி, பங்குனியில் மலைக்காரர்களே பீடி நெருப்பைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

கால் துறுதுறு என்கிறதா? மாசி பெரியண்ணசாமி கோயிலுக்கு ஊர் ஜனம் நடக்கிற பாதை இருக்கிறது. ஊராரோடு சேர்ந்து ஏறு. கோயிலில் நட்டு வைத்திருக்கும் வேல்களைப் பார்த்துவிட்டு இறங்கு. பாதை தெரிந்த வழியில் நடப்பதில் வீரம் குறைந்துவிடாது.

கேள்வி: முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தேன். பெரிய பெரிய துண்டாக மூன்று. மூட்டுவலி ஒரே வாரத்தில் போய்விடும் என்று விற்றவர் சொன்னார். எப்படிச் சமைப்பது? உண்மையிலேயே போகுமா? (ஈரோடு வாசகி)

பதில்: மூன்று எதற்கு அம்மா? ஒன்று வாங்கினால் நான்கு பேருக்கு இரண்டு நாள் சூப் வைக்கலாம்.

அதைக் கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, அது மண்ணுக்குள் விளைவது இல்லை. பாறையிலும் மரக்கிளையிலும் ஒட்டிப் படர்கிற ஒரு பெரணியின் தண்டு. வெளியே பழுப்பு நிறத்தில் ரோமம் அடர்ந்து பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் முதலில் அருவருப்பாக இருக்கும். கத்தியை நிமிர்த்திப் பிடித்து ரோமத்தோடு தோலைச் சுரண்டுங்கள். உள்ளே வெளிறிய பச்சையும் வெள்ளையுமாகச் சதை தெரியும். நன்றாகக் கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். நார் இருக்கும், கத்தி வழுக்கும், விரல் பத்திரம். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சம் கொத்துமல்லி விதை ஆகியவற்றை அம்மியிலோ மிக்சியிலோ கொரகொரப்பாக அரைத்து, கிழங்கையும் தட்டிப் போட்டு, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துச் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் பாதியாக வற்றியதும் வடிகட்டி, உப்புப் போட்டுச் சூடாகக் குடியுங்கள். மலையில் கடைக்காரர்கள் எவர்சில்வர் அண்டாவில் வைத்து டம்ளர் கணக்கில் விற்பார்கள். பனி இறங்குகிற மாலையில் அதைக் குடிக்கிற சுகமே தனி. ஆட்டுக்கால் சூப்பின் ருசி என்று சைவர்கள் சொல்வார்கள், அசைவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

மூட்டுவலி போகுமா? மலையில் காலங்காலமாகக் கைமருந்தாகக் குடித்துவருகிறார்கள். எனக்கும் பிடிக்கும், குடிக்கிறேன். என் முழங்காலுக்கோ மருத்துவர் தந்த மாத்திரையையும் சாப்பிடுகிறேன். ஒரே வாரம் என்று சொன்னவர் வியாபாரி. அவர் வேலை அது.

மூன்று வாங்கியதற்கு ஏன் கோபித்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். தண்டை அறுத்தால் செடியே போகிறது. மறுபடி அந்த அளவுக்குப் படர வெகுகாலம் பிடிக்கும். முன்பு ஊருக்குப் பக்கத்துப் பாறையிலேயே கிடைத்ததை இப்போது உள்காட்டுக்குப் போய்ப் பெயர்த்து வருகிறார்கள். வாங்காதீர்கள் என்று சொன்னால் விற்கிற பாட்டியின் பிழைப்பில் மண். அதனால் மேலேயே ஒரு டம்ளர் சூப் குடியுங்கள், வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள், ஊர்வலமாக எல்லா உறவினருக்கும் வாங்காதீர்கள். உறவினருக்குத் தர மிளகு வாங்குங்கள். மாசி மாதம் வந்தால் அந்த வருட மிளகு வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருக்கும். மனோரஞ்சித வாழைப்பழம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு சீப்பு கூடத்தில் இருந்தால் அடுப்படி வரை மணக்கும்.

கேள்வி: அசல் மலைக்கிராமத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்து ஏமாந்தேன். எங்கும் கான்கிரீட் வீடு, டிஷ் ஆண்டெனா, மோட்டார் சைக்கிள். காடு என்று பார்த்தால் வரிசையாக சில்வர் ஓக் மரம். கூரை வீடும் தினைப்புனமும் இருக்கிற அசல் கிராமம் இன்னும் எங்கே இருக்கிறது? (திருச்சி வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்ததுதான் அசல். நீங்கள் தேடியது வேறு எதையோ.

புல் வேய்ந்த வீடு அழகுதான். அடைமழையில் அதற்குள் படுத்துப் பார்த்தவர்கள் அழகைப் பற்றிப் பேசமாட்டார்கள். என் வகுப்பில் மழைக்காலத்தில் பாதிப் பிள்ளைகளின் நோட்டு நனைந்தேதான் வரும். ஒழுகாத கூரையின்மேல் மலைக்காரர்களுக்கு மட்டும் ஆசை இருக்கக்கூடாதா? நீங்கள் திருச்சியில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டியபோது, கொல்லிமலையிலிருந்து யாரும் வந்து ஏமாந்தேன் என்று எழுதவில்லை.

சில்வர் ஓக் பற்றி நீங்கள் சொல்வது சரி. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேராக வளர்கிறது, மிளகுக் கொடி பிடித்து ஏறுகிறது, நிழல் போதுமான அளவுக்குத் தருகிறது, வெட்டினால் காசு. சோலைக்காட்டுக்கு அது ஈடாகாது என்பது மலைக்காரர்களுக்கும் தெரியும். மிளகும் காப்பியும் சேர்ந்துதான் வீட்டுக்குப் பணம் கொண்டுவருகின்றன. பழைய காடு கோயிலைச் சுற்றியும், ஓடைப் பள்ளத்திலும், செங்குத்துச் சரிவிலும் மிச்சமிருக்கிறது. பாக்சைட் வெட்டியெடுத்த மேடுகளும் இந்த மலையில் உண்டு. அவற்றை யாரும் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பதில்லை. காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அதையும் கேட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

தினைப்புனம் குறைந்த கதை வருத்தமான கதை, ஆனால் மர்மம் ஒன்றுமில்லை. சாமையையும் தினையையும் கேழ்வரகையும் விதைத்த மேட்டு நிலத்தில் மரவள்ளி ஏறியது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும் மாவு ஆலைகளும் அதை லாரி லாரியாக வாங்கிக்கொண்டன. ரேஷன் கடையில் அரிசி வந்தது. சாமையை விட்டதில் பெண்களுக்கு ஒரு பெரிய விடுதலையும் இருந்தது என்பதை ஊரில் உட்கார்ந்து சிறுதானியப் பெருமை பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை.

சாமை குத்துவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கதிரடித்துத் தூற்றிக் காயவைத்த சாமையை உரலில் போட்டு இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஓங்கிக் குத்தினால் மணி நொறுங்கும். மெதுவாகக் குத்தினால் உமி விடாது. கொஞ்சம் குத்தி, அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்து, உமியை ஊதி, போகாத மணியைத் திரும்ப உரலில் கொட்டி, திரும்பக் குத்தி. கை காய்த்துப்போகும், கண்ணில் உமி விழும், முதுகு வளையும். பகல் முழுவதும் வயலில் வேலை செய்துவிட்டு ராத்திரிச் சோற்றுக்காக இதைச் செய்ய வேண்டும். பிறகு ஏன் அரிசி ஜெயித்தது என்று கருத்தரங்கு வைத்துக் கேட்டால் எப்படி?

1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் வேலை செய்தபோது அந்த முடிச்சைச் சரியாகப் பிடித்தது. விதையைச் சேர்த்துவைப்பதோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தார்கள். மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. உலக்கை ஓய்ந்த இடங்களில் சாமை கொஞ்சம் மூச்சுவிட்டது. கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச் சாமை என்று இன்றும் பெயர் சொல்லி விதை வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. நீங்கள் புகைப்படம் எடுக்காமல் கடந்துபோன அந்தக் கான்கிரீட் வீடுகளில் ஒன்றாகக்கூட அது இருக்கலாம். கதவைத் தட்டி ‘சாமை இருக்கிறதா, படி என்ன விலை’ என்று கேட்டிருந்தால், உட்காரச் சொல்லியிருப்பார்கள். காப்பியும் கிடைத்திருக்கும். அவர்கள் தோட்டத்துக் காப்பி, வெல்லம் போட்டது.

அடுத்தமுறை ஐப்பசிக்குப் பிறகு வாருங்கள். அறுவடைக் காலம். யார் வீட்டிலாவது தங்குங்கள், அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுங்கள், அதற்கு உரிய பணத்தைக் கொடுங்கள். கூரை எதனால் ஆனது என்று மட்டும் மேலே பார்க்காதீர்கள்.

கேள்வி: வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி எல்லாவற்றையும் கொன்றதாகச் சொல்வது நம்பும்படியா இருக்கிறது? (சேலம் வாசகர்)

பதில்: புறநானூற்றில் வன்பரணர் பாடியது (152ஆம் பாட்டு). யானையை வீழ்த்திய அம்பு புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியதாம். பாணர் கூட்டம் காட்டில் இந்த வேட்டுவனைப் பார்க்கிறது. ஓரியோ, வேறு யாரோ என்று ஊகித்துக்கொண்டே பாடுகிறார்கள். ‘கோ’ என்று அவனை அரசனாக விளித்ததும் அவன் நாணுகிறான். பிறகு மான் ஊனும் மதுவும் பொன்னும் தருகிறான். எனக்கு அந்த அம்பைவிடப் புகழைக் கேட்டு நாணியவன்தான் முக்கியம். என் மாணவர்கள் இதற்கு ஒப்புக்கொண்டதே இல்லை. அவர்களுக்கு உடும்புதான் வேண்டும்.

அந்த ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தவன் மலையமான் திருமுடிக்காரி. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. மலையில் காரியை யாரும் பாராட்டிப் பேசக் கேட்டதில்லை.

கேள்வி: மலைக்கிராமத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்க சாக்லேட் பாக்கெட்டுகள் வாங்கி வைத்திருக்கிறோம். போதுமா, வேறு ஏதாவதும் வாங்கலாமா? (கோவை வாசகி)

பதில்: கோவையில் உங்கள் தெருவில் முன்பின் தெரியாதவர் காரை நிறுத்தி உங்கள் குழந்தைக்கு சாக்லேட் நீட்டினால் என்ன செய்வீர்கள்? அதையே இங்குள்ள தாய்மாரும் செய்யட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கார் நின்றால் கை நீட்டுகிற பழக்கத்தை வெளியூர்க்காரர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். குரங்குகளுக்கும் அவர்களே கற்றுக்கொடுத்தார்கள். இப்போது வளைவுகளில் அவை காருக்குள் கை விடுகின்றன.

ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நூலகத்துக்குப் புத்தகம் என்பார். புதுப் புத்தகமாக வாங்குங்கள். உங்கள் வீட்டு அலமாரியைக் காலி செய்ய வேண்டாம்.

கேள்வி: அங்கே போன் சிக்னல் கிடைக்குமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: செம்மேட்டில் கிடைக்கும். பள்ளத்து ஊர்களில் சிக்னலைவிட சாப்பாடு சீக்கிரம் கிடைக்கும். கிளம்பும் முன்பே ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் நெருப்பு மூட்டி, பாட்டுப் போட்டு நண்பர்களோடு கொண்டாட ஓடைக்கரையில் இடம் உண்டா? பாட்டில் எல்லாம் நாங்களே கொண்டுவந்துவிடுவோம். (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

பதில்: உங்கள் வீட்டு மொட்டை மாடியில் இடம் உண்டு.

கேள்வி: மலையிலிருந்து சாமை வாங்கி வந்தேன் டீச்சரம்மா. அரிசி மாதிரியே குக்கரில் வைத்தேன், கஞ்சியாகிவிட்டது. உதிரியாக எப்படி வடிப்பது? (கும்பகோணம் வாசகி)

பதில்: குக்கரே வேண்டாம். சாமையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மலைச் சாமையில் சிறு கல் இருக்கும். அரிப்பது தெரிந்தால் அரித்து எடுங்கள், தெரியாவிட்டால் அகலமான பாத்திரத்தில் சாய்த்துச் சாய்த்து வடித்தால் கல் அடியில் நிற்கும். கால் மணி நேரம் ஊறட்டும், அதற்கு மேல் வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் ஒரு பங்கு சாமைக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர். தண்ணீர் தளதள என்று கொதிக்கும்போதுதான் சாமையைப் போட வேண்டும். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவையுங்கள். கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தால் குழைந்துவிடும். தண்ணீர் மேலே தெரியாமல் உள்வாங்கியதும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு முள்கரண்டியாலோ கரண்டிக் காம்பாலோ கிளறிவிட்டால் பொலபொலவென்று உதிரும். புதுச் சாமை என்றால் தண்ணீரைக் கால் பங்கு குறையுங்கள். முதல்நாள் மிஞ்சியதில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுங்கள். மொச்சைக் குழம்பு இருந்தால் மோரைத் தள்ளிவைத்துவிடுங்கள்.